மூன்றாம் மாடிக்கு ஒரு ஹோர்ன்

விக்ரமன் தன் காரின் ஸ்டியரிங்கில் நெஞ்சைச் சாய்த்து இறந்துகிடந்தான்.

காலை ஒன்பதரை மணி. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கை. அவன் மனைவி வித்யாலட்சுமி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

நல்ல அலறல். பதினொரு நாள் பயிற்சி!

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, வாயில் துவாயை அடைத்துக்கொண்டு பழகியது...

அவள்தான் கொன்றாள். இதய நோயாளியான கணவனின் மாத்திரைகளை அளவுக்கு மேல் பொடித்து, இலைக்கஞ்சியில் கலந்து, கடித்துக்கொள்ளக் கருப்பட்டித் துண்டும் வைத்துக் கொடுத்தாள். பாராட்டிக் குடித்தான்.

ஏன் கொன்றாள்?

ஹோர்ன்!

அவர்கள் வீடு மூன்றாம் மாடியில். லிப்ட் இல்லை. விக்ரமனுக்கோ மறதி. காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எல்லாம் நினைவுக்கு வரும். ஒரு தடவை ஹோர்ன் அடித்தால் போன். இரண்டு அடித்தால் கண்ணாடி. மூன்று அடித்தால் சாப்பாட்டுப் பெட்டி. அவள் ஐம்பத்து நான்கு படி இறங்கி, கொடுத்துவிட்டு, ஐம்பத்து நான்கு படி ஏறுவாள்.

ஒன்பது வருடம்.

அவன் அடிக்கவில்லை. திட்டவில்லை. குடிக்கவில்லை. யாரிடம் சொல்லி அழ முடியும், என் புருஷன் ஹோர்ன் அடிக்கிறார் என்று? அம்மாவிடம் ஒருமுறை சொன்னாள். அம்மா சிரித்தார். அவளும் சேர்ந்து சிரித்தாள். அன்றைக்குத்தான் உள்ளே ஏதோ அறுந்தது. அவன் கடைசியாக அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது எப்போது என்று யோசித்தாள். நினைவு வரவில்லை.

திட்டம் எளிது. புறப்படுமுன் காருக்குள் இருந்தே புறக்கோட்டையில் உள்ள தன் கடைக்குக் கால்மணி நேரம் போன் கதைப்பது அவன் வழக்கம். அதற்குள் மருந்து வேலை செய்யும். நெஞ்சு ஸ்டியரிங்கில் விழும். ஹோர்ன் அலறும். ஒழுங்கையே ஓடிவந்து, பாவம், ஹார்ட் அட்டாக் என்று சொல்லும். மாலையில் கனத்தை மயானத்தில் எரித்துவிடலாம். பிரேத பரிசோதனை இல்லாமல்!

குசினி ஜன்னலில் நின்று காத்திருந்தாள்.

ஹோர்ன் அடிக்கவில்லை.

பத்து நிமிடம்... பதினைந்து... இருபது...

அடிக்க வேண்டாம் என்று ஒன்பது வருடம் வேண்டியவள், இன்று ஒரே ஒரு முறை அடி என்று வேண்டினாள். பிறகு தாங்க முடியாமல் தானே இறங்கி வந்தாள்.

அங்கேதான் சிக்கல். ஹோர்ன் அடிக்காமல் அவள் இறங்கியதே இல்லை என்பது ஒழுங்கைக்கே தெரியும். ஆகவே, வீதியில் நடந்த சாவென்று யாரோ அழைத்து இன்ஸ்பெக்டர் ஸப்வான் வந்து, எப்படி இதைக் கண்டீர்கள் என்று கேட்டபோது, ஒத்திகை பார்த்த வசனம் தானாகவே வந்தது.

"நீளமா ஹோர்ன் சத்தம் கேட்டுச்சு சேர். நிக்கவே இல்ல. பயந்து ஓடி வந்தேன்."

ஸப்வான் எழுதிக்கொண்டார். பக்கத்து மாடிகளில் விசாரித்தார்.

அதிசயம்! எல்லோருக்கும் கேட்டிருந்தது.

முதல் மாடிக்காரர் ஐந்து நிமிடம் அடித்தது என்றார். எதிர்வீட்டு அனுஷியா டீச்சர் பத்து நிமிடம் என்றார். இரண்டாம் மாடி பலீலா உம்மாவுக்கு எண்ணிக்கையே தெரிந்திருந்தது.

"மூணு தரம் அடிச்சிச்சு மகன். சோத்துப் பெட்டிய மறந்துட்டார் போலன்னு நெனச்சேன்."

வித்யாலட்சுமிக்கே நம்ப முடியவில்லை. தன்னுடைய பொய்க்கு இத்தனை சாட்சியா? மனிதர்கள் காதால் கேட்பதில்லை, பழக்கத்தால் கேட்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கியது. ஒன்பது வருடம் அழுதபோது ஒருவருக்கும் கேட்காத வீடு அவளுடையது.

ஸப்வான் குறிப்புப் புத்தகத்தை மூடப்போனார். விக்ரமனுக்கு மருந்து கொடுத்த டொக்டரும் மரணச் சான்றிதழ் தரத் தயார். சடலத்தைக் காரிலிருந்து இறக்கிப் படுத்தினார்கள்.

அப்போதுதான் ஸப்வான் ஸ்டியரிங்கைப் பார்த்தார். அவர் முகத்தில் ஓர் அனுதாபம். செத்தவன்மேல் அல்ல... காரின்மேல்!

அவரிடமும் அதே ரகக் கார். வலது சிக்னல் போட்டால் வைப்பர் ஆடும். மழை வந்தால் கதவுக் கண்ணாடி தானாக இறங்கும். அந்த ரகக் கார் வைத்திருப்போர் சேர்ந்து புலம்ப ஒரு வட்ஸ்அப் குழுவே இருந்தது. அதில் முதலிடம், ஸ்டியரிங்கில் ஹோர்ன் செத்துப்போவது. அவருடையதும் செத்து ஏழு மாதம்.

ஸ்டியரிங்கை அமத்திப் பார்த்தார்.

சத்தமில்லை.

சுற்றி நின்றவர்கள், அது அப்படித்தான், சிலவேளை அடிக்கும் சிலவேளை அடிக்காது என்று காருக்காக வாதாடினார்கள். ஸப்வான் டேஷ்போர்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தார். ஹியூபேட், வாகன வயரிங், கொட்டாஞ்சேனை. கீழே நம்பர். கூப்பிட்டார்.

முக்கால் மணி நேரத்தில் த்ரீவீலில் வந்து இறங்கினார் ஹியூபேட் பாஸ். சடலத்தைக் கண்டு சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு குனிந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டுக் காட்டினார். வீட்டு வாசலில் வைக்கும் பெல் சுவிட்ச் ஒன்று அங்கே பூட்டியிருந்தது.

ஸ்டியரிங்குக்குள் இருக்கும் பாகத்துக்கு மாற்று கிடைக்காததால், போன மாதம் அந்த வயரை வெட்டிவிட்டுத் தான்தான் இதைப் போட்டதாகச் சொன்னார். கொழும்பில் பாதிக் கார்களுக்கு இதுதான் வைத்தியம்.

ஸப்வான் திரும்பினார்.

"அப்ப நெஞ்சு பட்டு ஹோர்ன் அடிக்க ஏலாதே மிஸிஸ் விக்ரமன்."

வித்யாலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள்.

"நெஞ்சு பட்டதுன்னு நான் சொல்லலையே சேர். வலி வந்ததும் என்னைக் கூப்பிடக் கையால அமத்தியிருப்பார். அப்படித்தானே எப்பவும் கூப்பிடுவார்."

சொல்லும்போது கண்ணீர் சரியான நேரத்தில் இறங்கியது. பலீலா உம்மா உச்சுக்கொட்டினார். ஸப்வான் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார்.

"அத அமத்தி வேலையில்ல சேர்," என்றார் ஹியூபேட். "பொனட்டைத் திறந்து பாருங்கோ."

திறந்தார்கள்.

ஹோர்ன் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஆணித் துளைகள். வெட்டிய வயரின் நுனியில் கறுப்பு டேப்.

"நேத்துப் பின்னேரம் கழட்டினனான். ரெண்டு ஹோர்னும் என்ர கடை மேசையில கிடக்கு."

சாட்சிகள் ஒவ்வொருவராக அடுப்பில் வைத்தது நினைவுக்கு வந்து நழுவினார்கள். பலீலா உம்மா மட்டும், எப்படியானாலும் தான் கேட்டது கேட்டதுதான் என்றபடி போனார்.

ஸப்வான் போனை எடுத்து, சடலம் பிரேத பரிசோதனைக்கு வருகிறது என்று சொன்னார். பெண் பொலிஸ் ஒருவரை அனுப்பும்படியும் கேட்டார்.

வித்யாலட்சுமி மறுக்கவில்லை. ஓடவும் இல்லை. ஹியூபேட்டிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏன் கழட்டினீங்க?"

"ஐயாதான் கழட்டச் சொன்னவர் மிஸ். 'இந்தச் சத்தம் கேட்டா வித்யாட முகமே மாறுது பாஸ். எனக்கு இது வேணாம். இனி என்ன மறந்தாலும் மேல ஏறிப்போய்ப் பேர் சொல்லிக் கூப்பிடுறேன்' எண்டு சொன்னவர்."

அவள் அப்படியே நிலத்தில் உட்கார்ந்தாள். இப்போது வந்த அழுகைக்குப் பயிற்சி இல்லை. சத்தமும் இல்லை.

"இத ஒங்கள்ட்ட ஒரு வார்த்த சொல்லல்லயா அவர்?" என்று கேட்டார் ஸப்வான்.

எப்படிச் சொல்வான்? ஒன்பது வருடமாக மனைவியோடு பேச அவனிடம் இருந்தது ஒரே ஒரு சாமான்... அதைத்தான் கொட்டாஞ்சேனையில் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தானே!