ஓடும்போது பார்த்த சூடு

அறையில் மூன்று பேர் இருந்தார்கள். கணினி மேசையின் முன்னால் நாற்காலியில் அண்ணன். தையல் இயந்திரத்தின் முன் முக்காலியில் அம்மா. ஜன்னல் திட்டில் காலைத் தொங்கப்போட்டபடி தங்கை சுண்டு.

திடீரென்று கணினித் திரை கறுத்தது.

"போச்சு! மறுபடியும் நின்னுடுச்சு!" அண்ணன் தலையில் கைவைத்தான்.

மாணவர் போட்டிக்காக அவனே ஒரு கார்ட்டூன் படம் வரைந்திருந்தான். வரைந்ததையெல்லாம் கோத்து ஓடும் படமாக்கும் வேலை மட்டுமே பாக்கி. அதைக் கணினிதான் செய்ய வேண்டும். மாலைத் தபாலில் படம் போயாக வேண்டும். சீக்கிரம் முடியட்டும் என்று கணினியின் மூளையான ப்ராசஸரின் வேகத்தை வழக்கமான அளவுக்கு மேலே ஏற்றியிருந்தான். ஓவர்கிளாக்கிங் என்று அதற்குப் பெயர்.

"சூடாயிடுச்சோ?" என்றாள் சுண்டு.

"அதெல்லாம் பாத்துட்டேன். நாப்பது டிகிரிதான். குளுகுளுன்னு இருக்கு."

"எப்பப் பாத்தே?"

"வேலையை நிறுத்திட்டுத்தான். அதுவே மாடா உழைக்குது. நடுவுல சூடு வேற பாருன்னு சொன்னா பாவம் இல்லையா?"

சுண்டு சிரித்துவிட்டாள். "நல்லா இருக்கே! ஓட்டப்பந்தயம் முடிஞ்சு, உக்காந்து, தண்ணியும் குடிச்சப்புறம் நெஞ்சைத் தொட்டா படபடப்பு எப்படிண்ணா தெரியும்? ஓடும்போது பாக்கணும்."

தையல் இயந்திரம் நின்றது. "சரியாத்தானேடா சொல்றா?" என்றாள் அம்மா.

அண்ணன் வெப்பம் காட்டும் கட்டத்தைத் கணினியை மறுபடி போட்டுத் திரையின் மூலையில் திறந்து வைத்து, வேலையைத் தொடங்கினான். "நீ நம்பரைப் படி. எண்பத்தஞ்சைத் தாண்டினா ஆபத்து, கத்து."

"எழுபது... எழுபத்தெட்டு... எண்பத்தாறு! நிறுத்துண்ணா!"

நிறுத்தியதுதான் தாமதம், எண் மளமளவென்று இறங்கியது. அண்ணன் வாயைப் பிளந்தான். "இந்தப் பூனையும் பால் குடிக்குமான்னுல்ல நெனச்சேன்!"

"வேகத்தைக் குறைண்ணா."

"குறைச்சா தபாலுக்கு முன்னாடி முடியாதே."

"நின்னு நின்னு ஓடுறதுக்கு நிக்காம நடக்கலாம்."

அரைமனதாக ஒரு படி குறைத்தான். சுண்டு மறுபடியும் கத்தினாள். இன்னொரு படி குறைத்தான். எண் எழுபத்தாறில் நின்றுகொண்டது.

தெருவிலிருந்து தோழி பந்தாட அழைத்தாள். "வேலையா இருக்கேன்!" என்றாள் சுண்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஒருமுறைகூட நிற்காமல் படம் முடிந்தது. அதைப் பென்டிரைவில் ஏற்றிவிட்டு, அண்ணன் கடிதம் எழுதி உரக்கப் படித்தான்.

"ஐயா, இந்தப் படத்தை உருவாக்கியவர்கள் இருவர். நானும் என் தங்கையும்."

"நான் ஒரு கோடுகூடப் போடலியே!"

"நீ பாத்துக்கலேன்னா என் கோடெல்லாம் உள்ளேயே கிடந்திருக்கும்."

"ரெண்டு பேரும் எம் பிள்ளைங்கன்னும் ஒரு வரி சேத்துக்கோ," என்றாள் அம்மா.

சுண்டு கடிதத்தையும் பென்டிரைவையும் உறையில் போட்டுப் பசை தடவி, நான்கு மூலையையும் அழுத்தி ஒட்டினாள். தெருமுனைத் தபால்பெட்டி அவளுக்கு எட்டவில்லை. அண்ணன் அவளைத் தூக்கிப் பிடித்தான். உள்ளே "தொப்" என்று சத்தம் கேட்ட பிறகும் அவன் அவளை இறக்கவில்லை.