கவினுக்கு விலை கேட்டேன்

எங்கள் ஊரில் காலையில் எழுந்ததும் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. மணிக்கட்டைப் பார்க்கிறோம். உடல்சாட்சி என்பது அரசாங்கம் வைத்த பெயர். ஜனங்களுக்கு அது பட்டை. அதில் சின்னதாக ஒரு விளக்கு எரியும், பக்கத்தில் அன்றைய பிரீமியம் வரும். இரவு எப்படித் தூங்கினீர்கள், எத்தனை தடவை இருமினீர்கள், கல்யாணப் பந்தியில் இரண்டாவது ஜிலேபிக்குக் கை நீட்டினீர்களா, எல்லாவற்றையும் சேர்த்து இன்றைக்கு உங்களுக்கு என்ன விலை என்று சொல்லிவிடும். ஈரோட்டில் பால் வாங்க வருகிறவர்கள் "இன்னைக்கு ஏறியிருக்குதா, எறங்கியிருக்குதா" என்று கேட்டுக்கொண்டுதான் நிற்பார்கள்.

அன்று காலை என் கணவர் கவின் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். சாயப்பட்டறை தானியங்கியாக மாறி அவருக்கு வேலை போனதிலிருந்து சமையல் அவருடையது. நன்றாகவே செய்வார், செய்ததைவிட அதிகமாகப் பீற்றிக்கொள்வார். கரண்டி பிடித்த கையைப் பார்த்தேன். பட்டை இருந்தது, விளக்கு இல்லை.

"சார்ஜ் எறங்கிருச்சாட்டக்குது," என்றார்.

பட்டை உடம்புச் சூட்டிலேயே ஓடும். சார்ஜ் என்று ஒன்று அதற்குக் கிடையாது. அது அவருக்கும் தெரியும், ஒரே கம்பெனியில் பாதி ஆயுளைக் கழித்த காப்பீட்டு முகவரான எனக்கு அதைவிட நன்றாகத் தெரியும். விளக்கு அணைந்தால் விடுவிப்பு. 'தங்களுடன் பயணித்ததில் மகிழ்ச்சி' என்று ஒரு செய்தி வரும், அத்தோடு காப்பீடு முடிந்தது. கம்பெனிகளின் இடர்க்கணிப்பான் என்ற இயந்திரம் ஒரு மனிதரைப் பார்த்து, இவர் சீக்கிரமே பெரிய செலவு வைக்கப் போகிறார் என்று முடிவு செய்தால், செலவு வருவதற்கு முன்பே கழற்றிவிடுவார்கள். என்ன செலவு, என்ன நோய் என்று சொல்ல மாட்டார்கள். விடுவிக்கப்பட்டவர்களில் ஒரு வருடத்தைத் தாண்டியவர்கள் அபூர்வம். நானே எத்தனையோ வீடுகளில் அந்தச் செய்தியைப் படித்துக் காட்டி, காபி குடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

எனக்கு முதலில் கோபம்தான் வரும், அழுகை அப்புறம். நேராகக் கிளைக்குப் போனேன். மேலாளர் ஆதிரன் என்னிடம் தொழில் பழகிய பையன்.

"அக்கா, சத்தியமா எங்களுக்கே தெரியாதுங்க," என்றான். "கணிப்பான் ஆமா இல்லைன்னுதான் சொல்லும். காரணத்த வெளிய சொன்னா கேஸ் போடுவாங்கன்னு சட்டத்துலயே மூடிட்டாங்க."

"இருவது வருசமா உங்களுக்கு ஆள் புடிச்சுக் குடுத்தவ நானு. என்ற வூட்டுக்காரருக்கு என்னன்னு தெரிஞ்சுக்கக்கூடாதா?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டனாக்கா?" என்றவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டரிடம் போனோம். பட்டையில் விளக்கில்லாதவருக்கு முழுப் பரிசோதனை என்றால் வீட்டை விற்க வேண்டும். அந்த அம்மா நல்லவர். "எங்க தேடணும்னு மட்டும் சொல்லுங்க, அந்த எடத்தைத் தேடிடறேன். தலையிலிருந்து கால் வரைக்கும்னா உங்களால முடியாதுங்க," என்றார். திரும்பி வரும்போது எதிர்வீட்டுத் தர்ஷினி ஒரு தூக்குவாளியில் ரசம் கொண்டுவந்து கொடுத்தாள். சாவு வீட்டுக்குக் கொடுப்பதுபோல் குரலைத் தாழ்த்தி, "சூடா இருக்குதுங்கக்கா" என்றாள். எனக்கு அந்த ரசத்தை அவள் தலையிலேயே கொட்டலாம்போல் இருந்தது. கவின் வாங்கி, ருசி பார்த்து, "உப்பு கம்மி. நான் போறதுக்குள்ள கத்துக்க கண்ணு," என்றார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அவர் அப்படித்தான், துக்கம் கேட்க வந்தவர்களைச் சிரிக்க வைத்து அனுப்புவார்.

எங்கே தேடுவது என்பதுதான் கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன். கம்பெனி முகவருக்கு ஒரே கம்பெனியின் விலைதான் தெரியும், அதுவும் உடம்பும் உயிரும் ஒன்றாகக் கட்டிய கட்டு விலை. தனித்த முகவருக்கு அப்படியில்லை. எந்தக் கம்பெனியிடமும் விலை கேட்கலாம், கட்டைப் பிரித்தும் கேட்கலாம். இருதயத்துக்கு மட்டும் என்ன, ஈரலுக்கு மட்டும் என்ன. இதற்குப் பகுதிவிலை என்று பெயர். ஒரு மனிதருக்கு எல்லா உறுப்பும் மலிவாக இருந்து ஒன்று மட்டும் எகிறினால், நோய் அங்கே இருக்கிறது என்றுதானே அர்த்தம்? கணிப்பான் வாயால் சொல்லாததை விலையால் சொல்லிவிடும்.

வேலையை விட்டேன். நகையை விற்று, பெருந்துறை ரோட்டில் ஒரு செல்போன் கடையின் மாடியில் அறை பிடித்தேன். தனித்த முகவருக்கு இரண்டு உரிமங்கள் உண்டு, உடல்நலம் ஒன்று, ஆயுள் ஒன்று. உடல்நலத்துக்கு மட்டும் பரீட்சை எழுதினேன். ஆயுள் என்றால் சாவுக்கு விலை கேட்பது. அந்தப் பக்கம் நினைக்கக்கூட எனக்குத் தைரியமில்லை. ஆனால் இரண்டு உரிமமும் கையில் இல்லாமல் ஆறு மாதத்துக்கு மேல் நிறுவனம் நடத்த முடியாது என்றார்கள், அதனால் பிறகு அந்தப் பரீட்சைக்கும் பணம் கட்டிவைத்தேன். பெயர்ப்பலகைக்குக் கவின்தான் பெயிண்ட் அடித்தார். 'ஸ்ரீநிதி தனித்த காப்பீட்டு முகமை' என்று எழுதி, கீழே, "மொத வாடிக்கையாளர் இலவசம்னு போடட்டுமா?" என்றார்.

"வாய மூடிட்டு அடிங்க," என்றேன்.

முதல் விலை அவருக்குத்தான் கேட்டேன். இருதயம். சந்தையில் இருந்த எட்டுக் கம்பெனிகளும் மலிவான விலை சொல்லின. கை தட்டலாம்போல் இருந்தது, அடுத்த நொடியே உறைத்தது. இருதயத்தில் இல்லையென்றால் வேறெங்கோ இருக்கிறது. உடல்நலத்தில் ஒரு ஆளுக்கு வாரத்துக்கு ஒரு பகுதிதான் கேட்க விதி அனுமதித்தது. ஏழு நாள் நான் ஈரலை நினைத்துக்கொண்டு தூங்காமல் கிடப்பேன், அவர் பக்கத்தில் அசையாமல் படுத்திருப்பார். நன்றாகத் தூங்குகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

இதற்குள் மோனிஷ் என்பவர் வந்தார். பவானியில் வண்டிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் நிலையம் வைத்திருப்பவர், விளக்கு அணைந்து பத்து நாளாகியிருந்தது. அவர் அதிர்ஷ்டம், இரண்டாவது கேள்வியிலேயே சிறுநீரகத்தின் விலை எகிறியது. அந்த டாக்டரம்மாவிடம் அனுப்பினேன். தேடிய இடத்தில் கட்டி இருந்தது, சின்னதாக, வெட்டி எடுக்கிற அளவில். பிழைத்துவிட்டார். அவர் போய் நாலு பேரிடம் சொல்ல, என் மாடிப்படியில் ஆட்கள் உட்கார ஆரம்பித்தார்கள். பாலிசி வாங்க வந்தவர்கள் குறைவு. எல்லோரும் தங்களுக்கு எங்கே என்று கேட்க வந்தவர்கள். கவின் அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து, கதை பேசி, பயம் தெளிய வைத்து உள்ளே அனுப்புவார். ஊரார் நோயெல்லாம் கிடைத்தது. என் வீட்டு நோய் மட்டும் கிடைக்கவில்லை.

ஈரல் மலிவு. நுரையீரல் மலிவு. மூளை, ரத்தம், கணையம், எலும்பு, எல்லாம் மலிவு. எல்லாம் மலிவென்பதால் உயிரைச் சேர்க்காமல் உடல்நலப் பாலிசி மட்டும் தனியாக எடுத்து, அதை வைத்து முழு ஸ்கேனும் செய்தோம். டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "என்னைவிட நல்லா இருக்காருங்க," என்றார்.

"அப்ப மிஷினுக்குத்தான் சீக்கு," என்றார் கவின். டாக்டரம்மா சிரித்தார். நானும் சிரித்தேன், அன்றைக்கு மட்டும்தான் உண்மையாகச் சிரித்தேன். வரும் வழியில் அவருக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தேன். இவ்வளவு நாளாக வைத்திருந்த பயமெல்லாம் ஒரு இயந்திரத்தின் தப்பு என்று நினைத்து, ஆதிரனை என்னவெல்லாம் திட்டுவது என்று மனதில் ஓட்டிக்கொண்டே வந்தேன்.

அடுத்த வாரம், பரீட்சையில் தேறியதற்கான ஆயுள் உரிமம் வந்தது. சும்மா இருந்திருக்கலாம். புது உரிமத்தில் கடவுள் பெயரைச் சொல்லி ஒரு விலை கேட்போம், எப்படியும் மலிவாகத்தான் வரும் என்று கவின் பெயரைப் போட்டேன்.

எட்டுக் கம்பெனிகளும் மறுத்தன.

ஏதோ தப்பாகத் தட்டிவிட்டேன் என்று மறுபடி பார்த்தேன். இருதயத்துக்கு விலை உண்டு, ஈரலுக்கு உண்டு, உயிருக்கு மட்டும் இல்லை. நோயில்லாமல் ஒருவர் எப்படிச் சாவார்? விபத்து என்று தோன்றியது. ஆயுளுக்கு அந்த வார விதி கிடையாது. அவரை இனி ரோட்டுக்கே அனுப்பக்கூடாது என்று நினைத்துக்கொண்டு விபத்துக்கு விலை கேட்டேன். மலிவு, எங்கள் தெருவிலேயே அவருக்குத்தான் மலிவு.

அப்போதுதான் எனக்கு வேறொன்று தோன்றியது. ஆயுள் பாலிசியில் ஒரு ஷரத்து உண்டு. தன் கையால் தேடிக்கொள்ளும் சாவுக்குப் பணம் கிடையாது என்பது. வழக்கமாக முதல் வருடத்துக்கு மட்டும் இருக்கும். தனித்த முகவர் வேண்டுமானால் அதைப் பாலிசி முழுக்க நீட்டிக் கேட்கலாம், யாரும் கேட்பதில்லை. நான் நீட்டினேன். தட்டுவதற்கு முன் வெகுநேரம் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எட்டுக் கம்பெனிகளும் விலை சொல்லிவிட்டன. எனக்கு வரும் விலையில் பாதி.

வெளியே படிக்கட்டில் கவின் யாருக்கோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். இந்த மனுசனா? அவர் பேச்சுக்கும் சிரிப்புக்கும் நடுவில் ஏதோ இருந்திருக்கிறது. இரவெல்லாம் அசையாமல் விழித்துக் கிடந்ததை அந்தப் பட்டை எண்ணியிருக்கிறது, ஒரே கட்டிலில் படுத்திருந்த நான் எண்ணவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, என் மேல் வந்தது, அப்புறம் பயம் வந்தது. இத்தனை மாதம் பட்ட பயம் எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

அவர் டீயோடு உள்ளே வந்தார். "அடுத்த ஆள அனுப்பட்டுமா?"

"கதவச் சாத்துங்க."

"வெயில்ல வந்திருக்காங்க புள்ள."

"இருக்கட்டும். சாத்திட்டு இப்படி உக்காருங்க."

உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்ததும், "எங்கயாம்? கெடச்சிருச்சா?" என்றார்.

வாடிக்கையாளரிடம் எதையும் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரிந்தவள் நான், இதற்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. நேராகவே கேட்டேன். "ஏனுங்க, செத்துப் போயிரலாம்னு நெனச்சிட்டு இருக்கீங்களா?"

வேடிக்கையாக ஏதோ சொல்ல அவர் வாயெடுத்தார். வரவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்தார். "நான் யாருகிட்டயும் சொல்லலியே," என்றார். "அதுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அதுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல." அழுகை வந்துவிட்டது. "எதனாலங்க? நானா? வேலை போனதா?"

"காரணம்னு ஒண்ணு இருந்தா உங்கிட்ட சொல்லியிருப்பேன் புள்ள. ஒண்ணுமில்ல. காலைல கண்ண முழிச்சா இன்னொரு நாளான்னு இருக்கு. ஆளுங்க இருந்தா பேசிடறேன். ஆளு இல்லீனா..." அவர் முடிக்கவில்லை. "விளக்கு அணைஞ்ச அன்னைக்கு எனக்கு நிம்மதியா இருந்துச்சு. சீக்கே வந்து முடிச்சிருமாட்டக்குதுன்னு. நீ அதத் தேடித் தேடி இல்லைன்னு சொல்லச் சொல்ல..."

அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். சொல்லுங்க என்றேன். சொன்னார். நான் குறுக்கே பேசவில்லை. எனக்கு அது பழக்கமேயில்லை. வெளியே யாரோ கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"அந்த டாக்டரம்மாவப் பாக்கலாம்," என்றேன் கடைசியில். "இதுக்குன்னு ஆளு இருப்பாங்க, கேப்போம். இன்னைக்கே போலாம்."

"போலாம். ஆனா நாளைக்கு, நாளான்னிக்குன்னு எங்கிட்ட வாக்கு கேக்காத. எனக்கே தெரியல."

"நாளைக்கு வேண்டாம். ராத்திரி வரைக்கும் இருப்பீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

எதைக் கேட்டாலும் கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்கிற மனிதர் யோசித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருக்கறேன்," என்றார்.

"சரி. ராத்திரிக்கு மறுபடியும் கேப்பேன்," என்றேன்.