சாய்ந்த கழுத்து

பரணி தலையை இடது தோள் பக்கம் சாய்த்தே டிவி பார்த்தான். நான்கு வயதுப் பிள்ளையின் சேட்டை என்று அமராவதி முதலில் சிரித்தாள். பிறகு சோறு தின்னும்போதும் அதே சாய்வு, தூங்கும்போதும் அதே சாய்வு, விடிந்ததும் வெறும் வயிற்றில் வாந்தி. வாந்தி எடுத்ததும் தெளிந்து ஓடிவிடுவான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. புருஷன் சரக்கு ஏற்றிவிடத் தூத்துக்குடி போயிருந்தான். அவர்கள் குடியிருந்த நெருப்பெரிச்சலில் பனியன் துணி பின்னும் நிட்டிங் மிஷின்கள் எல்லாம் நின்றுபோய், வாரம் முழுக்கக் காதுக்குள் ஓடிய இரைச்சல் இல்லாமல், மிஷின் எண்ணெய் வாடையும் யார் வீட்டிலோ கறி வேகும் வாசமும் மட்டும் சந்தில் தேங்கிக் கிடந்தன. பிள்ளையோடு தனியாக இருக்க அவளுக்குப் பயமாக இருந்தது. பக்கத்து வீட்டு நஞ்சம்மாளைக் கூப்பிட்டாள்.

"உரம் உழுந்திருக்குது கண்ணு. சேலைல போட்டு உருட்டுனாச் செரியாப் போயிரும்."

கழுத்துப் பிசகினால் எல்லாப் பிள்ளைக்கும் செய்வதுதானே! பழைய பருத்திச் சேலையை விரித்துப் பரணியைக் கிடத்தி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மெல்ல உருட்டினார்கள். சேலைக்குள் கிளுகிளுவென்று சிரித்தான்.

சிரிப்பு நின்றது.

"பரணி?"

சேலை கனத்தது. இறக்கி விலக்கினாள். கண்கள் திறந்திருந்தன. கருவிழி இரண்டும் கீழ் இமைக்குள் இறங்கியிருந்தன. மேலே வெறும் வெள்ளை.

"ஏனுங்க்கா, உரம் போயிருச்சுங்களா?" என்று கேட்டாள். பைத்தியக்காரக் கேள்வி. நஞ்சம்மாள் ஆட்டோ பிடிக்க ஓடினாள்.

கோயம்புத்தூரில் டாக்டர் ஸ்கேனைக் காட்டினார். பின்மண்டைக்குள் எலுமிச்சம்பழம் அளவில் வெள்ளையாக ஒன்று.

"கேன்சர் கட்டிங்கம்மா. குழந்தைகளுக்கு அபூர்வமா வரும். மூளைத் தண்ணி போற வழிய அடைச்சிருக்குது. உடனே எடுக்கணுங்க, அப்புறம் கரண்ட் வெக்கணும், ரேடியேஷன்."

"உருட்டுனதாலீங்களா?"

"இல்லீங்க. அது முன்னாடியே வளந்துட்டு இருந்திருக்குது."

அந்த ஆறுதல்தான் அவளைக் கொன்றது. தினமும் எண்ணெய் வைத்து முத்தம் கொடுத்த தலை. அதற்குள் அது இருந்திருக்கிறது.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தவன், "அம்மா, ஊட்டுக்குப் போலாம்" என்றான். மறுநாள் பேச்சு நின்றது. கட்டி எடுத்த சில பிள்ளைகளுக்கு இப்படி ஆகும், திரும்பி வரும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

மத்தியானம். பச்சைத் திரைக்குள் அவளும் அவனும் மட்டும். மருந்து வாடை. எங்கோ ஒரு மிஷின் விட்டுவிட்டுக் கத்தியது.

"கண்ணு, அம்மா இருக்கறன்டா."

பரணி அவளைப் பார்த்தான். வாயைத் திறந்தான். முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணீர் காது வரை வழிந்தது.

சத்தம் இல்லை.

உதட்டில் காதை வைத்தாள். சூடான மூச்சு. அவ்வளவுதான்.

திரைக்கு வெளியே நர்ஸின் செருப்புச் சத்தம் நின்றது.

"சத்தத்தையே காணோமுங்க. நல்லாத் தூங்கறானுங்களா?"

பரணியின் வாய் இன்னும் அகலமாகத் திறந்தது.