இலை போட்டது யார்?

எதுவும் திருட்டுப் போகவில்லை. அதுதான் வந்தவரின் சிக்கல்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அவர், துப்பறிவாளரின் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"நான் கடைக்குப் போனதும் யாரோ வீட்டுக்குள்ள வர்றாங்க சார். மீன் தொட்டியில அழுகின செடியெல்லாம் வெட்டி எடுத்திருக்கு. நேத்து சாயங்காலம் பார்த்தா, உள்ள காய்ஞ்ச இலை கிடக்குது."

தொட்டி அவருடைய மனைவியுடையது. காட்டு ஓடை ஒன்றை வேரும் மணலும் செடியுமாக வீட்டுக்குள் கொண்டுவர ஆசைப்பட்டவள் அவள். இலை ஊறிப் பழுப்பேறிய தண்ணீர்தான் அந்த மீன்களுக்குச் சுகம் என்று ஒருநாள் சருகுகளைப் போட்டாள். அழுக்கு என்று இவர் உடனே அள்ளிக் கொட்டினார். பேச்சு முற்றியது. அவள் வெளியூரில் தன் தம்பி வீட்டுக்குப் போய்ப் பல மாதங்களாகிவிட்டன.

"பூட்டை மாத்திடலாமே?" என்றான் துப்பறிவாளரின் மைத்துனன். உதவிக்குச் சேர்ந்ததிலிருந்து அவனுக்கு எல்லாமே பூட்டில்தான் போய் முடியும்.

"மாத்திட்டா வர்றவ எப்படி உள்ள வருவா?" என்ற கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

கடைக்காரரின் வீட்டுக்குப் போகும் வழியில் மைத்துனன் துப்பறிவாளரின் காதோரம் வந்தான். "அத்தான், 'வர்றவ'ன்னாரே. ஆளு யாருன்னு தெரிஞ்சேதான் வந்திருக்காரு."

"தெரிஞ்சு இல்ல. அவங்களா இருக்கணும்னு ஏங்கி வந்திருக்காரு."

மாடியில் குடியிருந்த கடைக்காரரின் தங்கை படியிலேயே எதிர்ப்பட்டாள். தொட்டி இருந்த அறை பூட்டியிருந்தது.

"அந்த ரூமுக்கு நீங்க போறதுண்டா?" என்று கேட்டார் துப்பறிவாளர்.

"அண்ணி போனப்புறம் எட்டிக்கூடப் பார்த்ததில்ல சார். டீத்தண்ணி கலர்ல, அதுல பார்க்க என்ன இருக்கு?"

பூட்டைத் திறக்கச் சொல்லி, எல்லோரையும் அறைக்குள் அழைத்துப்போய், துப்பறிவாளர் கடைக்காரரிடம் திரும்பினார். "இலை கிடந்ததை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"உங்ககிட்ட மட்டும்தான்."

"முன்னாடி எப்பவாவது தண்ணி இந்த நிறத்துல இருந்ததா?"

"நான் விட்டதே இல்லையே சார்."

"அப்ப எட்டிக்கூடப் பார்க்காதவங்களுக்கு நிறம் எப்படித் தெரிஞ்சது?"

தங்கையின் கண்கள் கலங்கின. "அண்ணிதான் தினமும் வீடியோ கால்ல தொட்டியைப் பார்த்துச் சொல்லுவாங்க. அவங்க குடுத்துட்டுப் போன சாவியால திறந்து நான் செய்வேன். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க அண்ணா."

"அப்ப அவ வரவே இல்லையா?"

"இல்ல."

அவர் முகம் வாடிப்போனது. "மீனை மட்டும் பார்த்துக்கிட்டா போல."

"மீனுக்காகத்தான் கூப்பிடுவாங்க. உன் சட்டை நாற்காலியில கிடந்தா, அதையே கொஞ்ச நேரம் காட்டச் சொல்லுவாங்க."

அப்போது தங்கையின் போன் அடித்தது. "அண்ணிதான்" என்று அவள் அதை அண்ணன் கையில் கொடுத்தாள். இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்த மைத்துனனைத் துப்பறிவாளர் தோளைப் பிடித்து வாசல் பக்கம் நகர்த்தினார்.

கடைக்காரர் எதுவும் பேசாமல், தொட்டி மட்டும் தெரியும்படி போனைப் பிடித்தார்.

"ஏம்மா பேசாம இருக்க?" என்றது அந்தக் குரல். "சரி, வேருக்குக் கீழ காட்டு... தொட்டிக் கண்ணாடியில தெரியுறது யாரு சட்டை?"



"நீங்களா?"

"நான்தான்."

அவள் போனை வைத்துவிடவில்லை.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.