கல் காலத்தில் ஒரு மழைப் பகல்

"அந்த மோதிரத்தையும் கழட்டணும்" என்றான் தனோஜன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மழைக்கு முந்தின வாவியைப் போல இருண்ட கண்கள்... அவற்றுக்குள் கோபம்.

"இத மட்டும் விடுங்க."

"கல் காலத்துல பொன்னும் இல்ல, போனும் இல்ல மிஸ்."

யுத்தம் முடிந்த மறுவருடம் சித்தாண்டிப் பக்கம் வாவிக்கரையில் திறந்திருந்தார்கள் அந்தத் திறந்தவெளி நூதனசாலையை. வருகிறவர்கள் ஒரு பகல் முழுக்கக் கல் காலத்து மனிதரைப் போல இருக்கலாம். கல்லைச் செதுக்கிக் கத்தி செய்யலாம், கையால் சட்டி வனையலாம், கோல் கடைந்து தீ மூட்டலாம். சொல்லிக்கொடுப்பவன் தனோஜன். உலோகம் எதுவும் உள்ளே போகக்கூடாது என்பது அங்கே சட்டம். அன்று மட்டக்களப்பு மருந்துக்கடை ஒன்றிலிருந்து வந்த கூட்டத்தில் ஒருத்திதான் சர்மிளா. கூட வந்தவர்கள் அவசரப்படுத்த, உதட்டைக் கடித்தபடி மோதிரத்தைக் கழற்றி அவன் கையில் வைத்தாள்.

பிறகு அவனோடு ஒரு பேச்சில்லை. மண் பிசையும்போதுகூட வெறும் விரலைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் பெரிய குடிசைக்கு ஓடினார்கள். வீம்பாக ஓடாமல் நின்றவள், தீ மூட்டும் சின்னக் குடிலில் அவனோடு அகப்பட்டுக்கொண்டாள். ஈரக் காற்றில் கோல் சூடேறவில்லை. அவன் உள்ளங்கைகள் அடிக்கு இறங்கியதும், கோல் நிற்காமல் இன்னொருவர் மேலே பிடித்துக் கடைய வேண்டும். கேட்க அவனுக்கு வாய் வரவில்லை... அவளாகவே பிடித்தாள்.

"உங்கட கல் காலத்து ஆக்கள் மழை நாள்ல பட்டினிதான் போல."

"பக்கத்துல ஆள் இருந்தாப் பட்டினி இல்ல."

சிரித்துவிட்டாள். மாறி மாறிக் கடைந்தார்கள். புகை வந்தது, பிறகு ஒரு சிவந்த பொறி... காய்ந்த நாரில் வைத்து அவள் ஊதினாள். கண் கலங்கியது. புகையால்தான் என்று நினைத்தான்.

மோதிரத்தைப் போட்டுவிட்டவன் சுஜீவன் என்று அவளே சொன்னாள். கலியாணத்துக்கு நாள் குறித்திருந்த வேளை, சுனாமியன்று கல்லடிக் கரையில் அவனைக் கடல் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. அவனுடைய தாய் திரேசம்மாவுக்கு வேறு பிள்ளைகள் இல்லாததால் இவள்தான் கூட இருக்கிறாள்.

தனோஜன் குறுகிப்போனான். மன்னிப்புக் கேட்டான்.

"இத்தின வருசத்துல இண்டைக்குத்தான் என்னை மறந்து சிரிச்சன்" என்றாள் அவள்.

அதன்பிறகு ஞாயிறு பூசை முடிந்ததும், சட்டி வனையவென்று சாட்டுச் சொல்லிக்கொண்டு தனியே பஸ்ஸில் வரத் தொடங்கினாள். அவள் வரும் வழியைப் பார்த்தபடியே அவனுடைய ஞாயிறுகள் விடிந்தன. ஒருநாள், முறையாகவே இருக்கட்டுமென்று, அவளிடம் சொல்லாமல் திரேசம்மாவிடம் பெண் கேட்கப் போனான். அவர் தேத்தண்ணி கொடுத்தார்.

"அவளுக்கு அந்த எண்ணம் இல்ல மகன். இனி வராதீங்க."

ரோசம் தலைக்கேறியது. அவளிடமே ஒரு சொல் கேள் என்று மனம் அடித்துக்கொண்டது... கேட்கவில்லை. ஞாயிறுகளில் விடுப்பு எடுத்தான். அவள் வந்து பார்த்துவிட்டுப் போனதாக வேலையாட்கள் சொன்னார்கள். பிறகு அவள் வருவதும் நின்றது.

அடுத்த மாரியில், ஓட்டமாவடி பஸ் நிலையத்தில் மழைக்கு ஒதுங்கினான். பக்கத்தில்... அவள்.

"மாமியட்ட கேட்ட நீங்க, ஏன் என்னட்ட கேக்கல்ல? போன கிழமைதான் மாமி அழுதழுது சொன்னவ."

"நீங்களும் இல்ல எண்டிருவீங்களோ எண்டு பயம்... அந்தப் பயத்தத்தான் ரோசம் எண்டு நினைச்சிட்டன்."

அவன் மனம் மாறிவிட்டதென்று அவள் நினைத்திருக்கிறாள். தன் தங்கை மகனைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டிலேயே இரு என்று திரேசம்மா கேட்டபோது தலையாட்டியிருக்கிறாள். கோயிலில் பூசை நேரத்தில் கலியாண அறிவித்தலும் வாசித்தாயிற்று.

"எனக்கு உங்களில சரியான விருப்பம் சர்மிளா" என்றான். முதன்முதலாக.

பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்தவள் திரும்பினாள். மழை அவள் முகமெல்லாம்...

"அண்டைக்குக் கேட்டிருந்தா ஓம் எண்டிருப்பன். இப்ப கேட்டாலும் ஓம் எண்டுதான் வாயில வரும்... அதால கேக்காதீங்க."

அவன் கேட்கவில்லை.