பெயரும் நட்சத்திரமும்

அன்று நாங்கள் பார்த்த நான்காவது தேவாலயத்தின் வாசலில், என் கணவர் கனகசிங்கம் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தெய்வநாயகி, உந்த ஊரில சேர்ச் முடியுதோ இல்லையோ, என்ர கால் முடிஞ்சுது."

"இன்னும் ஒண்டே ஒண்டு அப்பா, ப்ளீஸ்," என்றாள் நிசாந்தினி. எங்களுக்கு ஒரே மகள். ரொறன்ரோவிலிருந்து இங்கிலாந்தின் அந்தப் பழைய பேராலய நகரத்துக்கு எங்களை அழைத்து வந்தவள்.

ஐந்தாவதாகப் போன அந்தச் சிற்றாலயம் அறுநூறு வருடப் பழசு. பகல் இரண்டு மணிக்கே உள்ளே இருட்டு. ஈரக் கல்லும் அணைந்த மெழுகுதிரியும் மணத்தன. பீடத்தருகே தடித்த புத்தகமொன்று விரிந்து கிடந்தது; வரிசையாகப் பெயர்கள், கீழே சில வெறும் வரிகள். பக்கத்தில் ஒரு பேனா. ரொறன்ரோவில் றிச்மண்ட் ஹில் கோயில் பிள்ளையாருக்கு அர்ச்சனைக்குக் கொடுப்பதுபோலவே பெயரும் நட்சத்திரமுமாக எழுதினேன். கனகசிங்கம், உத்தரம். நிசாந்தினி, ரேவதி. என் பெயரை நான் எங்கேயும் கொடுப்பதில்லை.

வாசலைக் காத்த கிழவி வந்து பார்த்தாள். மகளிடம் மெதுவாக ஏதோ கேட்டாள். மகளின் முகம் மாறியது.

"அம்மா, இது செத்த ஆக்களுக்குச் செபிக்கிற புக். இவை எப்ப செத்தவை எண்டு கேக்கிறா."

அவர் சிரித்தார். "அப்ப எனக்குப் பின்னேரத் தேத்தண்ணி இல்லையோ?"

வெட்டுவதற்குப் பேனாவை எடுத்தேன்.

மை வரவில்லை.

ரொறன்ரோவில் எங்கள் வோபர்ன் வீட்டுக்குத் திரும்பிய ஒன்பதாம் நாள் காலை, குசினியில் ஈரக் கல் மணந்தது. சுவருக்குள்ளிருந்து யாரோ நிதானமாக வாசித்தார்கள்.

"கனகசிங்கம். உத்தரம்."

தேத்தண்ணிக் கோப்பையோடு அவர் சரிந்தார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாளே, மகளிடம்கூடச் சொல்லாமல் தனியாக விமானம் ஏறினேன். புத்தகம் அதே பக்கத்தில் விரிந்து கிடந்தது. கொண்டுபோன பேனாவால் மகளின் பெயரை வெட்டினேன். கோடு விழவில்லை. நகத்தால் சுரண்டினேன். நகம்தான் பிய்ந்தது.

"பிள்ளையை விடு. என்னை எடு."

கெஞ்சிக்கொண்டே கீழே என் பெயரை எழுதினேன். அது மட்டும் உடனே விழுந்தது. தாளைக் கிழித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

கைபேசி அடித்தது.

"அம்மா, எங்க நிக்கிறீங்கள்? வீட்டில ஏன் மெழுகுதிரி மணக்குது? ஆரோ என்ர பேரை..."

பிறகு அவளுடைய மூச்சுக்கூடக் கேட்கவில்லை.

வேறொரு குரல், நிதானமாக.

"ரேவதி."

இரண்டு வருடங்களாகின்றன. அந்தத் தாள் குசினி மேசையில் கிடக்கிறது. தினமும் காலையில் அவர்கள் இருவருக்கும் கீழே உள்ள வரியில் என் பெயரையும் நட்சத்திரத்தையும் எழுதுகிறேன். பின்னேரம் தேத்தண்ணி ஊற்றும்போது பார்த்தால் அந்த வரி வெறுமையாக இருக்கும்.

மேலே உள்ள இரண்டு பெயர்களிலும் மை இன்னும் காயவில்லை.