தண்ணீர் புகாத வண்டி

கார்க் கதவு ரப்பர் மக்கிப் போயிருக்கவில்லை. யாரோ அறுத்திருந்தார்கள்.

சின்னக்கண்ணு குந்தியபடியே பழைய ரப்பரை விரலால் தடவிப் பார்த்தான். நாலு கதவிலும் ஒரே இடம், அடிப்பக்கம். எலி கடித்தால் பிசிறு இருக்கும். வெயிலில் காய்ந்தால் வெடிப்பு இருக்கும். இது கத்தி போட்ட வெட்டு. அதுவும் உள்பக்கம் அகலமாக, வெளியே வரவர ஒடுங்கி. வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு போட்ட வெட்டு.

"எவனோ வேலையத்தவன்," என்று பிடுங்கி மூலையில் எறிந்தான்.

கருவடிக்குப்பத்தில் ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மத்தியானமே அந்தி மாதிரி இருட்டிக் கிடந்தது. தகரக் கொட்டகைக்குள் ரப்பர் ஒட்டுகிற சொலூஷன் நெடி, ஈரச் சாக்கின் வாடை, அதற்கெல்லாம் அடியில் ஒரு கடல் நாற்றம். மீன் நாற்றம் இல்லை. நாள்பட்டுக் கிடந்த படகைப் புரட்டிப் போட்டால் அடிப்பலகையிலிருந்து வருமே, அது.

கறுப்பு வண்டி. ஊரை விட்டுப் போன பிரெஞ்சுத் துரை, முசே ஒருவர், கப்பல் ஏறும்போது விட்டுப் போனது என்று தரகர் இராமதாஸ் சொன்னார். ஏன் விட்டுப் போனார் என்று மட்டும் சொல்லவில்லை. சின்னக்கண்ணுவும் கேட்கவில்லை. மில் மேனேஜர் வீட்டில் அத்தனை வருடம் கார் ஓட்டியவன் அவன். முதலாளி இல்லாதபோது சீட்டில் உட்காரக் கூடாது. மழையானாலும் வெளியேதான் நிற்க வேண்டும். "டேய் டிரைவர்" என்பதுதான் பேர். அந்தப் பேரைத் தூக்கி எறியத்தான் இந்த வண்டியை வாங்கினான். நாளைக் காலையில் முதல் சவாரி: குஞ்சம்மாள் வீட்டுக் கல்யாணப் பெண். அவள் பட்டில் ஒரு சொட்டு மழை படக் கூடாது. சீர்ப் பெட்டி டிக்கியில் ஏற வேண்டும்.

அந்த டிக்கிதான் திறக்கவில்லை. துரு என்று எண்ணெய் விட்டுப் பார்த்து, கம்பியால் குத்திப் பார்த்து, கடைசியில் விளக்கைக் கிட்டே பிடித்தபோது தெரிந்தது. பூட்டுக்குள் ஈயம்.

அவன் பெண்சாதி தனக்கொடியும் குனிந்து பார்த்தாள். "சாவித் தொளையில எவனாவது ஈயத்தக் காச்சி ஊத்துவானாய்யா?"

"சாவியத் தொலச்ச கோவத்துல ஊத்தியிருப்பான்."

"தொறக்க முடியலன்னு ஊத்துனானா, தொறக்கக் கூடாதுன்னு ஊத்துனானா?"

"பயமா இருந்தா உங்கம்மா வூட்டுக்குப் போயேன்."

"யாரு, நானா? மில்லுல ராத்திரி ஷிப்டு பாத்தவ நானு. நீ மொதல்ல தொற, பாப்போம்."

அவன் கையால் சுற்றுகிற டிரில்லை அழுத்திப் பிடித்து ஈயத்தைக் குடைந்தான். ஈயம் சுருள் சுருளாக உதிர்ந்தது. கடைசிச் சுருள் விழுந்ததும், அடக்கி வைத்திருந்த மூச்சு போல உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று ஒன்று வந்து அவன் முகத்தில் பட்டது. மூடியைத் தூக்கினான். ஒன்றுமில்லை. முழங்கால் ஆழத்துக்குக் காலிக் குழி, சுற்றிலும் உப்புப் பூத்த வெள்ளைக் கோடு.

"பாத்தியா? பூதமா இருக்குது?" என்றான். துடைத்தான். கீலுக்கு எண்ணெய் விட்டான். புதுப் பூட்டு மாட்டினான், கதவுக்கும் டிக்கிக்கும் புது ரப்பர் ஒட்டினான். சாவியில் தனக்கொடி மஞ்சள் கயிறு கட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ரப்பர் ஒட்டினால் கடைசியில் தண்ணீர் பார்க்க வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார, இன்னொருவர் வெளியே குடம் குடமாக ஊற்றுவார். எங்கே கசிகிறதோ அங்கே சுண்ணக்கட்டியால் குறி. வேலைக்காகக் கதவுகளின் உள்பக்கக் கைப்பிடிகளை எல்லாம் கழற்றி வைத்திருந்தான். வெளியிலிருந்துதான் திறக்க முடியும்.

"ரெண்டு தட்டு தட்டுவேன். ஒடனே தொற."

"தொறக்கலன்னா?"

"நாளைக்குக் கல்யாணத்துக்கு நீதான் வண்டி ஓட்டணும்."

அவன் ஏறி உட்கார்ந்ததும், தனக்கொடி வளையல் குலுங்கச் சிரித்துக்கொண்டே இடுப்பால் ஒரு இடி இடித்துக் கதவைச் சாத்தினாள்.

மழைச் சத்தம் அறுந்து விழுந்தது. தகரக் கூரை இல்லை, தவளை இல்லை, தெரு இல்லை. அவன் மூச்சு மட்டும் காதுக்குள் கேட்டது. அவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தான். கண்ணாடிக்கு அப்பால் தனக்கொடி குடத்தைச் சாய்க்க, தண்ணீர் சத்தமே இல்லாமல் வழிந்தது. ஒவ்வொரு விளிம்பாக விரல் வைத்துப் பார்த்தான். காய்ந்துதான் இருந்தது. முதலாளி இல்லாத வண்டியின் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தான்.

கால் நனைந்தது.

குனிந்தான். தண்ணீர் கதவுப் பக்கமிருந்து வரவில்லை. பின் சீட்டுக்கு அடியிலிருந்து, டிக்கியிலிருந்து, மெல்ல ஊறி வந்தது. விரலை நனைத்து நாக்கில் வைத்தான். உப்பு. குடத்தில் இருந்தது வீட்டுக் கிணற்றுத் தண்ணீர், சர்க்கரை மாதிரி இனிக்கும்.

"யார்ரா அது?" பின்பக்கம் திரும்பிக் கத்தினான். "இது என் வண்டி. எவனா இருந்தாலும் எறங்கு!"

பதிலுக்குத் தட்டுச் சத்தம் கேட்டது.

டொக். டொக்.

அவன் தட்டவில்லை.

வெளியே தனக்கொடி குடத்தோடு நின்றாள். தலையைத் திருப்பினாள். வண்டியின் பின்பக்கமாக. அவள் கை இடுப்புச் சாவிக்குப் போனது.

"வேணாம்! நான் இல்லடி அது! தனம்!"

கண்ணாடியை அறைந்தான். அவளுக்குக் கேட்கவில்லை. பின்னால் போய்விட்டாள். டிக்கி மூடி எழுந்து பின்கண்ணாடியை மறைத்தது.

இருட்டு.

மூடி இறங்கியது.

யாரும் இல்லை. குடம் மட்டும் தரையில் உருண்டு கொண்டிருந்தது.

தண்ணீர் மளமளவென்று ஏறியது. முழங்கால். சீட்டு. இடுப்பு. ரப்பர் அறுக்கிற கத்தி இடுப்பில் இருந்தது; உருவினான். யோசிக்கவில்லை, தண்ணீருக்குள் கையை விட்டுக் கதவின் அடியில் ஒரே கீறாகக் கீறினான். தண்ணீர் பீச்சிக்கொண்டு வெளியே ஓடியது. அப்போதுதான் புரிந்தது, அந்தப் பழைய ரப்பரை யார் அறுத்தார்கள், எதற்கு அறுத்தார்கள் என்று.

கண்ணாடியைக் காலால் உதைத்தான். மறுபடி உதைத்தான். உடைந்தது. கையை வெளியே விட்டுக் கதவைத் திறந்து தரையில் விழுந்தான்.

ஓடியிருக்கலாம். தெருவைக் கூட்டியிருக்கலாம். அவன் எழுந்து பின்பக்கம் போனான். பூட்டிலேயே சாவி இருந்தது. மஞ்சள் கயிறு ஆடிக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து: டொக். டொக். கூடவே வளையல் சத்தம்.

"இரு தனம். தொறக்கறேன்."

மூடி சத்தமில்லாமல் எழுந்தது. விளிம்பு வரை தண்ணீர். கறுப்பாக, அசையாமல். ஒரு சொட்டு சிந்தவில்லை. ரப்பர் அப்படிப் பிடித்திருந்தது. மேலே அவள் தலையில் வைத்திருந்த கனகாம்பரம் மிதந்தது.

முழங்கால் ஆழம்தான். தானே துடைத்த குழிதான். கையை விட்டான். முழங்கை. தோள். அடி தட்டவில்லை. கன்னம் தண்ணீரில் பட்டது.

ஒரு கை அவன் கையைப் பற்றியது.

"புடிச்சிட்டேன்," என்றான், உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டே. "அவ என் பொஞ்சாதி. எவங்கிட்டயும் விட மாட்டேன்."

இழுத்தான். வரவில்லை. பிடி இறுகியது. விரல்களை மேலே நகர்த்தி அந்த மணிக்கட்டைத் தடவினான்.

வளையல் இல்லை.

வெகு கீழே, எங்கோ அடியில், வளையல் குலுங்கியது. டொக். டொக்.

சின்னக்கண்ணு பிடியை விடவில்லை. மூச்சை நெஞ்சு முட்ட இழுத்துக்கொண்டு, இன்னொரு கையையும் உள்ளே விட்டான்.